சும்மா இருக்கச் சொன்ன முப்பது நாள்

டெவன் க்ரீக், மொன்டானா
ஜனவரி 9, 2000

அன்புள்ள தம்பி லோவலுக்கு,

அக்கா நலம். முழங்கால் மட்டும் பனி வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? லவோன் உப்பில்லாமல் சமைத்துப் போடுகிறாளா? நீ கார் ஷெட்டுக்குள் போய் வறுவல் பொட்டலம் பிரிக்கிறாய் என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டாயிரம் பிறந்தது, உலகம் அழியவில்லை. அழியும் என்று நம்பி நாற்பது கேன் தண்ணீர் பிடித்து வைத்த பக்கத்துப் பண்ணை கோல்டி இப்போது அதில் துணி துவைக்கிறாள்.

எனக்குத்தான் ஒரு கேடு வந்திருக்கிறது. என் டிஷ் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிவிட்டது. எல்லாரையும் புதிதாகச் சேர்க்கிறார்களாம். ஃபோனில் ஒரு பெண் என் விலாசத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்கு மேரியன் ஃபால்ஸ் டிவி ஸ்டேஷன் ஆன்டெனாவிலேயே தெரியும்னு கம்ப்யூட்டர் சொல்லுது மேடம். ஆன்டெனாவுல தெரியற வீட்டுக்கு டிஷ்ல வெளியூர் நெட்வொர்க் சேனல் தரக் கூடாது. சட்டம்" என்றாள்.

"உங்க கம்ப்யூட்டர் எங்க ஊருக்கு வந்திருக்காம்மா? நடுவுல ஒரு மலை நிக்குதே, அது தெரியுமா அதுக்கு?" என்றேன்.

என் கூரை ஆன்டெனாவில் உங்கள் ஸ்டேஷன் எப்படித் தெரியும் என்று உனக்குத் தெரியாததா? செய்தி வாசிக்கிறவருக்கு இரண்டு தலை, ஒன்றிலும் வாய் இல்லை. உங்கள் ஸ்டேஷன் விலக்குக் கொடுத்தால் நான் இப்போது பார்க்கிற லாஸ் ஏஞ்சல்ஸ் சேனலை விட்டு வைப்பார்களாம். முடிவு தெரியும்வரை சேனல் வருமாம். அங்கே இருபத்தாறு வருடமாகக் கோபுரத்தைக் கட்டி மேய்க்கிறவன் என் தம்பி. என்ன செய்யலாம் என்று எழுது. ஃபோனில் பேசினால் நான் சண்டை போடுவது போலவே இருக்கிறது என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

லவோனுக்கு என் அன்பு.

அக்கா ஆர்டிஸ்


மேரியன் ஃபால்ஸ்
ஜனவரி 19, 2000

அன்புள்ள அக்கா,

நாங்கள் இருவரும் சௌக்கியம். வறுவல் பொட்டலம் பற்றி யார் சொன்னாலும் நம்பாதே. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

இவ்வளவு சின்ன விஷயத்துக்கா கவலைப்படுகிறாய்? இப்படி வருகிற விண்ணப்பங்கள் எல்லாமே என் மேசைக்குத்தான் வருகின்றன. புதுச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. விண்ணப்பம் வந்து முப்பது நாளுக்குள் ஸ்டேஷன் மறுத்து எழுதாவிட்டால், விலக்குக் கொடுத்ததாகவே அர்த்தம். ஆக, நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. முப்பது நாள் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா என்று லவோனைக் கேட்டுப் பார்.

கம்பெனி மூலமாக விண்ணப்பத் தாளை அனுப்பச் சொல். ஆமாம், ஊர் செய்தியைக்கூடக் கேட்காத உனக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் சேனல் எதற்கு? அங்கே எங்கே கார் முட்டிக்கொண்டது என்று தெரிந்து நீ என்ன செய்யப் போகிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி லோவல்


டெவன் க்ரீக்
பிப்ரவரி 2, 2000

அன்புள்ள லோவல்,

உன் கடிதம் வந்ததும் பாதி நோய் போய்விட்டது. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். தாள் நேற்று இங்கிருந்து போய்விட்டது.

எதற்கு என்று கேட்டாய். சொல்லிவிடுகிறேன். லவோனிடம்கூடச் சொல்லாதே.

அந்தச் சேனலில் மாலைச் செய்தியில் வானிலை சொல்கிறவள் நம் ரோண்டா. அங்கே ஐந்து மணி, நமக்கு ஆறு. இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். டிஷ் வைத்த வாரம், பனியில் வெளியே போக முடியாமல் ஒவ்வொரு சேனலாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் பெண் வந்து நின்று, நாளைக்கு எண்பது டிகிரி வெயில் என்று சிரித்தாள். வெளியே என் ஆடுகள் விறைத்துக்கொண்டிருந்தன. நான் அழுதேன் லோவல்.

ஆர்விட்டின் அடக்கத்துக்கு அவள் ஒரு நாள் தாமதமாக வந்ததும், சர்ச்சின் கீழ் அறையில், எல்லாரும் தட்டில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பார்க்கும்போது நான் சொன்னதும் உனக்குத் தெரியும். "அப்பன் செத்ததைவிட வேலை பெருசாப் போச்சுன்னா அந்த வேலைக்கே போ. இங்க உனக்கு யாரும் இல்ல." அவள் போய்விட்டாள். விலாசமும் தரவில்லை, நம்பரும் தரவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது விஷயம் என்னவென்றால், போன வியாழக்கிழமை பாலைவனத்தைக் காட்டுவதற்காக அவள் பக்கவாட்டில் திரும்பினாள். கோட்டுப் பொத்தான் போடவில்லை. முப்பத்தைந்து வருடம் ஆடுகளை வளர்த்தவளுக்குத் தெரியாதா? நாலாவது மாதம். டிவி பெட்டியின் முன்னால் போய் நின்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கல்யாணம் ஆயிற்றா, அவன் யார், ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் வயிறு எவ்வளவு வந்திருக்கிறது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. குழந்தை பிறக்கும்வரை அந்தச் சேனல் எனக்கு வேண்டும். வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

உப்பைக் குறை.

அக்கா


டெவன் க்ரீக்
மார்ச் 5, 2000

அன்புள்ள லோவல்,

உன்னிடமிருந்து ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? லவோனுக்கு ஜலதோஷமா?

ஸ்டேஷனுக்குத் தாள் பிப்ரவரி ஏழாம் தேதி கிடைத்ததாகக் கம்பெனிப் பெண் சொன்னாள். இன்னும் மூன்று நாள்தான். எனக்கும் எழுதாமல் அவ்வளவு கச்சிதமாகச் சும்மா இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

குட்டி போடும் காலம் ஆரம்பித்துவிட்டது. ஆறு மணிக்கு மட்டும் ஷெட்டை விட்டு ஓடி வந்து, சேற்று பூட்ஸோடு பெட்டி முன்னால் உட்காருகிறேன். ரோண்டாவுக்கு இப்போது பச்சை நிறத்தில் தொளதொள என்று ஒரு கவுன். நன்றாக இருக்கிறது.

உங்கள் நலத்துக்கு ஒரு வரி போடு.

அக்கா


டெவன் க்ரீக்
மார்ச் 13, 2000

லோவல்,

நலம்தானே?

மறுத்துவிட்டார்கள். "உங்கள் வீடு எங்கள் ஒளிபரப்பு எல்லைக்குள் இருப்பதால் விலக்குத் தர இயலாது." மார்ச் ஏழாம் தேதி போட்டிருக்கிறது. கீழே பெயர் இல்லை, பொறியியல் பிரிவு என்று ஒரு முத்திரை மட்டும்.

நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன். இருபத்தொன்பதாம் நாள். முதல் வாரத்திலேயே மறுத்திருந்தால் வழக்கமாக எல்லாருக்கும் அனுப்புகிற தாள் என்று விட்டிருப்பேன். இருபத்தொன்பதாம் நாள் எழுதுகிறவன் யார்? எழுதலாமா வேண்டாமா என்று இருபத்தெட்டு நாள் யோசித்தவன். உங்கள் பிரிவில் அப்படி யார் இருக்கிறார்? கண்டுபிடித்துச் சொல்.

கம்பெனிப் பெண்ணுக்கே பாவமாகிவிட்டது. இன்னும் ஒரு வழி இருக்கிறதாம், ஆள் வந்து வீட்டு வாசலில் சிக்னலை அளந்து பார்ப்பது. அதன் முடிவு வரும்வரை சேனலை நிறுத்த மாட்டாளாம். கேட்டிருக்கிறேன்.

லவோனைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மேரியன் ஃபால்ஸ்
மார்ச் 29, 2000

அன்புள்ள அக்கா,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. மன்னித்துக்கொள். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறிவிட்டது, டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். உன் முழங்கால் எப்படி? குட்டிகள் நன்றாக இருக்கின்றனவா?

ஸ்டேஷனைப் புது முதலாளிகள் வாங்கிய பிறகு எல்லாம் மாறிவிட்டது. வக்கீல்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். உன் தாள் என் மேசைக்கே வரவில்லை, அக்கா. வந்திருந்தால் பார்த்திருப்பேனே. இங்கே யாரைப் போய்க் கேட்பது?

அளக்கிற வேலையெல்லாம் வேண்டாம். வீண் அலைச்சல். அதைவிட நீயே ரோண்டாவுக்கு ஒரு ஃபோன் போட்டால் என்ன? பெட்டியில் பார்ப்பதைவிட நேராகப் பேசுவது நல்லதில்லையா? யோசித்துப் பார்.

இங்கே பனி உருக ஆரம்பித்துவிட்டது. லவோன் தக்காளி விதை போட்டிருக்கிறாள்.

உன் தம்பி லோவல்


டெவன் க்ரீக்
ஏப்ரல் 16, 2000

அன்புள்ள லோவல்,

புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதா? எனக்கு நூற்றுப் பன்னிரண்டு குட்டிகள், நாலுதான் போயிற்று. முழங்காலைப் பற்றி நினைக்க நேரமில்லை.

ஃபோன் போடு என்கிறாயே, எந்த நம்பருக்கு? நான் போடவில்லை என்றா நினைக்கிறாய்? போன கிறிஸ்துமஸுக்கு அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டேஷனுக்கே கூப்பிட்டேன். ஒருத்தி எடுத்து, "ரோண்டாவோட ரசிகரா? ரசிகர்கள் எல்லாரும் தபால்லதான் எழுதணும், விலாசம் குறிச்சுக்கிறீங்களா?" என்றாள். அவளுடைய அம்மா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் மட்டும் நம்பியிருப்பாளா? குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வேண்டாம் என்று நீ சொன்னாலும் அளக்க வரச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் வருகிறார்கள். மலை என் பக்கம் இருக்கிறது, எனக்குப் பயமில்லை.

அவள் இப்போது வரைபடத்தின் முன்னால் நிற்கும்போது ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுக்கிறாள். நான் அவளைச் சுமந்தபோது அப்படித்தான் நின்றேன்.

இருவருக்கும் அன்பு.

அக்கா


டெவன் க்ரீக்
மே 21, 2000

லோவல்,

நீ சுகம் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை அளக்க வந்தார்கள். விர்ஜில் என்று ஒரு மரியாதையான மனிதர். வேனின் மேல் கம்பம் நீட்டி, வீட்டைச் சுற்றி ஐந்து இடத்தில் அளந்தார். ஐந்தில் நடுவாக வருகிற எண் ஐம்பத்தாறுக்குக் கீழே இருந்தால் எனக்குச் சேனல் உண்டு. ஐம்பத்தெட்டு வந்தது.

கம்பம் என் கூரைக்கு மேலே எங்கேயோ நின்றது. "என் ஆன்டெனா அவ்வளவு உயரத்துலயா இருக்கு? காக்காய்க்கா அளக்குறீங்க?" என்று கேட்டேன்.

"மாடி இல்லாத வீடுன்னா இருபது அடிம்மா. மாடி வீடுன்னா முப்பது. உங்க வீடு மாடி வீடுன்னு ஸ்டேஷன் கொடுத்த தாள்ல இருக்கு" என்றார்.

"எங்க இருக்கு மாடி? காட்டுங்க, நானும் ஏறிப் பாக்குறேன்."

அவர் தாளை எடுத்து வாசித்தார். "மேல் அறை ஒன்று, கிழக்கு பார்த்த சன்னலோடு." அப்புறம் வீட்டின் கிழக்குப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சன்னல் எங்கம்மா?" என்றார்.

நானும் அண்ணாந்து பார்த்தேன். ஐம்பத்தெட்டாம் வருட ஆலங்கட்டி மழையில் அந்தச் சன்னல் நொறுங்கியது. நம் அப்பா பலகை அடித்து மூடினார். அதன் மேல் ஆர்விட் தகரம் போட்டார். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அங்கே சன்னல் இருந்ததே தெரியாது. கூரைக்கு அடியில் இருக்கும் அந்தப் பொந்தில் பதின்மூன்று வயது வரை படுத்துத் தூங்கியவன் ஒருவன்தான். கண்ணாடித் துண்டு அவன் பாதத்தில் குத்தியபோது நான்தான் பிடுங்கி எடுத்தேன்.

விர்ஜில் எனக்காகக் கம்பத்தை இருபது அடிக்கு இறக்கியும் அளந்து காட்டினார். நாற்பத்தொன்பது. "தாள்ல இருக்கிறதைத்தான் நான் எழுத முடியும். அந்தத் தாளை எழுதினவர் ஒரு வரி மாத்திக் கொடுத்தா போதும்மா, இப்பவே சரியாயிடும்" என்றார்.

ஜூன் பதினைந்தாம் தேதிதான் சேனலை நிறுத்துவார்களாம், அதுவரை நேரம் இருக்கிறது. அந்த ஒரு வரியை எழுது. ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் கேட்க மாட்டேன். சத்தியமாகக் கேட்க மாட்டேன். அவளுக்கு எட்டாவது மாதம் லோவல்.

அக்கா


(தபால் அட்டை. முன்புறம் ஏரியும் மீனும்.)

ஜூன் 6, 2000

அக்கா, கடிதம் கிடைத்தது. நலம். எல்லாவற்றையும் காகிதத்தில் எழுத முடியாது. ஜூலை நாலு சுதந்திர தின விடுமுறைக்கு நாங்கள் அங்கே வருகிறோம். நேரில் பேசுவோம். முழங்காலைப் பார்த்துக்கொள். லோவல்.


டெவன் க்ரீக்
ஜூலை 9, 2000

லோவல்,

ஜூன் பதினைந்தாம் தேதி ஆறு மணிக்குப் பெட்டியைப் போட்டேன். நீலத் திரையில் இரண்டு வரி. இந்தச் சேனலைப் பெற உங்களுக்குத் தகுதி இல்லை. செய்தி முடிகிற நேரம் வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை நாலாம் தேதிக்கு ஒரு முழுப் பன்றித் தொடையைச் சுட்டு வைத்தேன். லவோனுக்குப் பிடிக்கும் என்று ருபார்ப் தண்டு வைத்துப் புளிப்பும் இனிப்புமாக ஒரு பலகாரம். நீங்கள் வரவில்லை. கோல்டி வீட்டு ஆட்களுக்குக் கொடுத்தேன்.

உடம்பு சரியில்லையா என்று லவோனிடம் கேட்கலாம் என்று ஃபோன் செய்தேன். இரண்டு நாள் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

ஆர்டிஸ்


மேரியன் ஃபால்ஸ்
ஆகஸ்ட் 6, 2000

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும். நானும் லவோனும் சுகம்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். தாளை எழுதியது நான்தான். மறுப்பு முத்திரையும் நான் வைத்ததுதான். முதலாளி, வக்கீல் என்று சொன்னதெல்லாம் பொய்.

அடக்கம் முடிந்த மாதத்திலிருந்தே ரோண்டா எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்றாள், சொல்லவில்லை. பிப்ரவரியில், "மாமா, ஒரு சந்தோஷமான சேதி" என்று ஆரம்பித்தாள். என் வாய் சும்மா இருந்ததா? "எனக்குத் தெரியுமே, உங்கம்மா சொல்லிட்டா!" என்று சிரித்துவிட்டேன். பிறகு உன் கடிதத்தில் இருந்த எல்லாவற்றையும் சொல்லும்படி ஆகிவிட்டது.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "நாலு பேர் முன்னாடி என்னைத் தொரத்திட்டு, இப்ப சோபாவுல உக்காந்து என் வயித்தை அளந்துக்கிட்டு இருக்காங்களா? நான் என்ன அவங்க ஆடா? பாக்கணும்னா வண்டி ஏறி வரட்டும், மன்னிப்புக் கேக்கட்டும். சும்மா பாக்கக் கூடாது. நீங்க நிறுத்துங்க மாமா. உங்களால முடியும்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், "நிறுத்தியாச்சா?" என்றுதான் ஆரம்பித்தாள். இருபத்தெட்டு நாள் தள்ளிப் போட்டேன், அக்கா. அதை நீ சரியாகத்தான் கண்டுபிடித்தாய். சேனல் நின்றுவிட்டால் நீ எப்படியாவது அவளைத் தேடிப் போவாய் என்றும் நினைத்தேன்.

ஜூலை இரண்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் முன்னதாகவே. நாங்கள் உன்னிடம் வராமல் அங்கே போனது அதனால்தான். நான் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆர்விட்டின் காது அப்படியே இருக்கிறது. நல்ல பையன்தான் ரோண்டாவைக் கட்டியிருக்கிறான், பள்ளிக்கூடத்தில் இசை சொல்லித் தருகிறான். படம் அனுப்ப வேண்டாம் என்று ரோண்டா சொல்லிவிட்டாள்.

அவளுக்குத் தெரியாமல் நம்பரை இந்தத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன். கூப்பிடு அக்கா. நான் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் உடம்பு எப்படி இருக்கிறது?

உன் தம்பி லோவல்


டெவன் க்ரீக்
ஆகஸ்ட் 15, 2000

லோவல்,

உன் கடிதத்தைக் கோல்டியின் சமையலறையில் உட்கார்ந்து வாசித்தேன். என் வீட்டில் தனியாக வாசிக்கத் தைரியம் வரவில்லை.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் சொன்ன வார்த்தைக்கு அவள் அப்படித்தான் கேட்பாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தச் சொல்லியிருப்பேன். ஆனால் உன்னிடம் நம்பர் இருந்தது. மூன்று வருடமும் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு ரசிகர் விலாசம் கொடுத்தார்கள் என்று நான் எழுதியதை வாசித்தபோதும் உன் மேசையில் இருந்தது. எந்த ஞாயிறும் அதை எனக்கு எழுதத் தோன்றவில்லை. என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகு, அவளுக்குத் தெரியாமல் தருகிறேன் என்கிறாய். முதலில் என்னை அவளிடம் காட்டிக்கொடுத்தாய், இப்போது அவளை என்னிடம். உனக்கு யார்தான் வேண்டும், லோவல்?

போன ஞாயிறு கூப்பிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். தப்புச் செய்துவிட்டேன் என்பதுதான் முதல் வரி. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். குழந்தை சிணுங்குவது கேட்டது. அதைக் கேட்டதும் எனக்கு முதல் வரி வரவில்லை.

"லோவல் மாமாவா?" என்றாள். "இப்பத்தான் உங்களை நெனச்சேன். ஏன் பேச மாட்டேங்கறீங்க? லைன் சரியில்லையா? மாமா, இவ இன்னிக்குச் சிரிச்சா தெரியுமா, நெஜமாவே சிரிச்சா..."

இரண்டு வருடமாகத் தினமும் அவள் குரலைக் கேட்டவள் நான். ஊருக்கே சொல்லும் குரல் அது. இந்தக் குரலை அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது கேட்டதுதான். உன்னிடம் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம் என்று நான் உன்னைப் போலவே பேசாமல் நின்றேன். பிறகு வெட்கமாகப் போயிற்று. வைத்துவிட்டேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். லவோன் எழுதினால் படிப்பேன்.

வருகிற ஞாயிறு ரோண்டா கூப்பிடும்போது, போன வாரம் பேசாமல் வைத்தது யார் என்று கேட்பாள். நான்தான் என்று சொல்லிவிடாதே. நீ சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

ஆர்டிஸ்